வெறுங்கை நடை

எங்கள் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பொம்பளை வெறுங்கையோடு ரோட்டில் நடந்தால் ஊருக்குப் பொறுக்காது. குடம், கூடை, புல்லுக்கட்டு, ரேஷன் பை, பிள்ளை என்று ஏதாவது ஒன்று கையிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். இருந்தால் யாரும் அவளை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். இல்லையென்றால் எதிரே வருகிற அத்தனை பேரும் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள், எங்கே போகிறாய் என்று. ஆண்பிள்ளைகள் பொழுதன்னிக்கும் டீக்கடைக்கும் வீட்டுக்குமாகக் கையை வீசிக்கொண்டு அலைகிறார்களே, அவர்களை ஒரு நாயும் கேட்பதில்லை. இதைச் சொன்னால் அங்கன்வாடி டீச்சருக்கு வாய் நீளம் என்பார்கள். நீளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

என் எதிர்வீட்டு அறிவுச்செல்வி அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அரை ஏக்கர் அரளித் தோட்டம் இருக்கிறது. விடியும் முன்பே மொட்டுப் பறிக்கப் போய்விடுவாள். பறித்ததை அவள் வீட்டுக்காரர் அன்பழகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போவார். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டாரென்றால் அன்றைக்கு அவர் வேலை முடிந்தது. அக்காவுக்கு அதற்குப் பிறகுதான் களை எடுப்பது, வீட்டைக் கழுவுவது, சமைப்பது எல்லாம். ஒரே மகள் அனிதாவை அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒட்டின சுவர் கொழுந்தனார் வீடு. கொழுந்தனார் பெண்டாட்டி சரிதாவுக்குச் சின்னக் குழந்தை இருந்ததால் அந்த வீட்டு வேலையிலும் பாதி அக்காவிடம் வந்து சேரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் சர்க்கரை நோய் முகாம் போட்டார்கள். நான்தான் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வந்தேன். அக்காவுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. பரிசோதித்த டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி.

"பெருசா எதுவும் யோசிக்காதீங்கம்மா. உங்களால முடியற மாதிரி சின்னதா ஒண்ணு வெச்சுக்குங்க. சாயந்தரம் அரைமணி நேரம் நடங்க. கையில எதுவும் வெச்சுக்காம, நல்லா கை வீசி நடங்க."

"தோட்டத்துல நாளெல்லாம் நடக்கறனுங்களே," என்றாள் அக்கா.

"அது வேலைம்மா. இது உங்களுக்காக."

வீடு திரும்பும்போது அக்கா அந்தக் கடைசி வார்த்தையையே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். புடவையைக்கூட மகள் பார்த்து எடுத்துக் கொடுத்தால் கட்டிக்கொள்கிற ஆள். தனக்கென்று ஒன்றை அவள் மனசில் வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மறுநாளே என்னிடம் வந்து திட்டத்தைச் சொன்னாள். முதலில் ஏரிக்கரை தொடங்குகிற இடம் வரைக்கும் போய்த் திரும்புவது. அது பழகினதும் மதகு வரைக்கும். அதுவும் பழகினால் கரையின் அந்தக் கோடி வரைக்கும்.

"கோடிக்குப் போனா என்னக்கா கிடைக்கும்?" என்று சும்மா சீண்டினேன்.

"ஒண்ணுங் கிடைக்காது. அதுக்குத்தான் போறேன்."

போனாள். முதல் சில நாள் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டு வாசலைத் தாண்டியதும் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். ரோடு திரும்பியதும் விட்டுவிடுவாள். ஒருநாள் திரும்பி வந்து என் வாசல்படியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"கைய வீசி நடந்தா இந்த எடமெல்லாம் லேசாயிருது சாமி. இங்க ஒரு எலும்பு இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுது."

எனக்கு அன்றைக்கு அவள் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற நான் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? எதிரே வந்தவர்களெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். "சும்மாதானுங்க" என்றாள் அக்கா. அவள் செய்த முதல் தப்பு அது. எங்கள் ஊரில் சாயந்தர நேரத்தில் ஏரிக்கரைப் பக்கம் வெறுங்கையோடு போகிற பொம்பளை சும்மா போகிறேன் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் சண்டை, விழுந்து சாகப் போகிறாள்.

ஆடு மேய்க்கிற நாச்சிமுத்து அண்ணன் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அக்கா முதல் தடவையாக மதகு வரை நடந்திருந்தாள். மூச்சு வாங்கியதால் மதகுக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் ஆட்டையெல்லாம் விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிவந்து கத்தினார். அன்பழகன் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு வண்டியை முறுக்க, பின்னால் பத்துப் பதினைந்து பேர் ஓட, நானும் ஓடினேன். அந்த வருஷம் ஏரியில் ஆடு குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை. குழியில் கொஞ்சம் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. விழுந்தால் சேறு ஒட்டுமே தவிர உயிர் போகாது. அது ஓடின ஒருவருக்கும் தோன்றவில்லை.

"என்னடி பண்ணிட்டிருக்கறே இங்க?" என்றார் அன்பழகன்.

"மதவு வரைக்கும் வந்துட்டனுங்க," என்றாள் அக்கா சந்தோஷமாக. கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு முகம் மாறியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு கிழவி வந்து அவள் கையைப் பிடித்து, "பொண்டாட்டி புருஷன்னா ஆயிரம் இருக்கும் சாமி, அதுக்காவ இப்படியா?" என்று அழுதாள். அக்கா எத்தனை சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் அன்பழகன் கத்தினார்.

"பூ மார்க்கெட்டு வரைக்கும் பேச்சாயிரும். நான் உன்னை அடிச்சுத் தொரத்துனேன்னு சொல்லுவானுங்க. மானம் போச்சு."

"டாக்டர் சொன்னதுங்க. நான் நடக்கோணும்."

"நடக்க வேண்டாம்னு சொன்னனா? கையில ஒரு போசியைத் தூக்கிட்டுப் போ. பாலுக்குப் போறேன்னு நெனச்சுக்குவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. அந்த யோசனையையும் அவர் நல்லதாகத்தான் சொன்னார். அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூடியும் கைப்பிடியும் வைத்த காலித் தூக்குப்போசி, கனமே இல்லை. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒருத்தரும் எங்கே என்று கேட்கவில்லை. நாச்சிமுத்து அண்ணன் ஆட்டை ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"ஒரு கைதானே போச்சு," என்றாள் என்னிடம். "இன்னொரு கைய வீசிக்கலாம்."

போசி எத்தனை நாள் காலியாக இருக்கும்? கரைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் கறந்த பால் விற்பார்கள். போகிறதுதான் போகிறாய், பாக்கெட் பாலுக்குப் பதில் அங்கேயே வாங்கி வந்துவிடு என்றார் அன்பழகன். சரி என்றாள். அவர்கள் கறக்கும் வரை மாட்டுக் கொட்டகையில் நிற்க வேண்டும். நடக்கிற நேரத்தில் பாதி அங்கேயே நின்று கழிந்தது. அப்புறம் சரிதா, "அக்கா, நீங்க எப்படியும் போறீங்கல்ல, குழந்தைக்கும் சேத்தி வாங்கியாந்துருங்க," என்று இன்னொரு போசியைக் கொடுத்தாள். அதோடு அந்தக் கையும் போனது. இரண்டு கையிலும் பால். வீசினால் சிந்தும். அக்கா தோளை இறுக்கிக்கொண்டு ஊர்ந்து வருவதை நான் என் வாசலில் இருந்து பார்ப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் செல்போனில் கோட்டுப் போட்ட ஒருத்தர் அடிக்கடி வந்து பேசுவார். சின்னச் சின்ன இலக்காக வையுங்கள், எட்டக்கூடியதாக வையுங்கள், நீங்கள் மட்டும் மனது வைத்தால் போதும் என்பார். எங்கள் அக்காவைவிடச் சின்ன இலக்கு யார் வைத்துவிட முடியும்? கையை வீச வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்காரர் கையில் அவர் வீட்டில் யாரும் போசியைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அக்கா அப்போதும் விடவில்லை. இலக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். பால் வாங்கின பிறகு இரண்டு போசியையும் கரையோரம் ஒரு புதர் மறைவில் வைத்துவிட்டு, அங்கிருந்து மதகு வரைக்கும் போய்த் திரும்புவது. யாரும் பார்க்காத இடம், பார்த்தாலும் பாலுக்கு வந்தேன் என்று காட்டப் போசி இருக்கிறது. கொஞ்ச நாள் இது ஓடியது. ரகசியமாக என்னிடம் மட்டும் சொன்னாள், திருட்டுத்தனம் பண்ணுகிற பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு. இரத்தத்தில் சர்க்கரைகூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஒருநாள் அவள் மதகில் இருந்து திரும்புவதற்குள் நாய்கள் இரண்டு போசியையும் தள்ளி மூடியைத் திறந்துவிட்டன. ஒரு சொட்டு மிச்சமில்லை. கறந்த பாலெல்லாம் தோட்டத்தில் விற்றுப் போயிருந்தது, கடையில் பாக்கெட் பாலும் தீர்ந்திருந்தது. சரிதாவின் குழந்தை அன்றைக்குப் பால் கேட்டு அழுதது. தெருவே கேட்கும்படி சரிதா பேசினாள். அன்பழகன் வாசலில் வந்து நின்றார்.

"பச்சக் குழந்தை பசியா கெடக்குது. உனக்கு நடக்கறதுதான் பெருசாப் போச்சா?"

"ஆமாங்க," என்றாள் அக்கா.

அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து அந்த ஒரு தடவைதான் கேட்டேன். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அன்பழகன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கிருந்து அக்கா வைத்த சாப்பாட்டைத் தொடாமல் தம்பி வீட்டில் சாப்பிட்டார். அக்கா நாலு நாள் தாங்கினாள். ஐந்தாம் நாள் இரண்டு போசியையும் தூக்கிக்கொண்டு போய், வழியில் எங்கும் வைக்காமல், நேராக வீடு வந்து சேர்ந்தாள். அன்று இரவு அவர் வீட்டில் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவள் மதகைப் பற்றிப் பேசுவதில்லை. நான் எடுத்தால், "நடக்கத்தான் செய்யறேன் மைதிலி, பாலுக்குப் போய்ட்டு வாறனல்ல," என்பாள்.

சர்க்கரை ஏறியது. போன ஐப்பசியில் தோட்டத்தில் வெட்டிவிட்ட அரளிக் கட்டை ஒன்று அவள் வலது கால் பெருவிரலில் குத்தியிருக்கிறது. அவளுக்கு உறைக்கவே இல்லை. விரல் கறுத்து வாடை வந்த பிறகு சரிதாதான் முதலில் பார்த்தாள். சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து அந்த விரலை எடுத்துவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது மத்தியானம். அன்பழகன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாளாக அங்கேயேதான் இருக்கிறார், பூ வண்டிக்கு ஆள் போட்டுவிட்டு. அதையும் சொல்ல வேண்டும். நர்ஸ் ஒருத்தி வந்து கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னைக்கு எந்திரிச்சு நடக்கணும்மா. பெருசா வேண்டாம். வராண்டாக் கோடி வரைக்கும் போயிட்டு வாங்க. பயப்படாம கைய வீசி நடங்க, அப்பத்தான் பேலன்ஸ் வரும்."

கோடி வரைக்கும். அக்கா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அக்கா மெல்லக் காலை இறக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்றதும் என் தோளை விட்டுவிட்டாள். கையைத் தொங்கவிட்டு ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். அவள் தோள் லேசாக அசைந்தது.

அப்புறம் நின்றுவிட்டாள். திரும்பி வந்து கட்டிலுக்கடியில் குனிந்து தடவினாள். அதே தூக்குப்போசி, வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தது.

"எதுக்குக்கா அது? வெச்சுட்டுப் போ," என்று பிடுங்கப் போனேன்.

"கோடியில டீக்கடை ஜன்னல் இருக்குது சாமி. அவருக்கு டீ நேரம்." போசியை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "சும்மா போய்ட்டு சும்மா வந்தா நல்லாவா இருக்குது?"

அன்பழகன் டீ கேட்கக்கூட இல்லை. செல்போனில் இருந்து தலையைத் தூக்கவும் இல்லை. அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் போசியோடு வராண்டாவில் போனாள். நான் கூடவே போனேன். போசியை நான் தூக்குகிறேன் என்றால் தரவில்லை. போய்த் திரும்ப நேரம் பிடித்தது, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்றுதான் வர முடிந்தது. வந்து மூடியைத் திறந்து டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

அவர் ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப் போச்சே புள்ள," என்றார்.

"கொஞ்சம் இருங்க, சூடா வாங்கியாந்தர்றேன்," என்று அக்கா மறுபடியும் போசியை எடுத்தாள்.