ஆலா முட்டைகளும் என் பயமும்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். திருவள்ளூரில் கோயில் குளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் மூன்றாவது படிக்குக் கீழே நான் இறங்கியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது பழவேற்காட்டில். பக்கத்தில் ஏரி, அந்தண்டை கடல். என் தலையெழுத்தை நொந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. முகத்துவாரத்துக்கு அருகே ஒரு மணல் திட்டு இருந்தது. கோடையில் ஆலா என்னும் கடற்பறவைகள் அங்கே வந்து முட்டையிடும். கூடெல்லாம் கட்டாது. மணலில் நெஞ்சை அழுத்தி ஒரு சின்னக் குழி செய்யும், அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம். மிதித்த பிறகுதான் தெரியும். முன்பெல்லாம் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போவார்களாம். மதராஸிலிருந்து வந்த பறவைப் பிரியர்கள் சிலர் குப்பத்தில் பேசிப் பேசி, முட்டைக் காலத்தில் யாரும் திட்டில் வலை உலர்த்துவதில்லை, கால்கூட வைப்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். காவலுக்கு ஒரு மீனவர். குழிகளை எண்ணி நோட்டில் எழுத, படித்தவன் என்பதால், நான். மாட்டேன் என்று சொல்லவும் பயம்தான்.

வாரம் ஒரு காலை, அந்த மீனவரின் படகில் இருவரும் போவோம். நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "இன்னா சார், படகு ஓடிப்பூடும்னா புடிச்சினுகீறீங்க?" என்று சிரிப்பார். திட்டில் இறங்கினால் ஆலாக்கள் கத்திக்கொண்டு தலையில் கொத்த வரும். அந்தப் பயம் தனி.

அன்று பௌர்ணமிக்கு மறுநாள். நீர் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. எண்ணி முடிப்பதற்குள் படகைக் கட்டிய கம்பு பாதி மறைந்துவிட்டது. பிறகு ஒரு அலை நுரையோடு ஏறி வந்து, கீழ்வரிசைக் குழிகளுக்குப் பத்தடி முன்னால் நின்றது. திட்டே மூழ்கப் போகிறது, இன்றோடு தீர்ந்தேன் என்று நிச்சயமாக நம்பினேன். அந்தத் தண்ணீரில் படகேறவும் பயம்.

"முட்டையெல்லாம் போயிடும். மேட்டுக்கு மாத்திடலாம்," என்றேன்.

அவர் காய்ந்த பாசி கோடாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். "தண்ணி அத்தோட நின்னுடும் சார். அதுங்களுக்குத் தெரியாதா? அதுக்கு மேலதான் முட்ட வெச்சிக்கீது."

"இல்ல, புத்தகத்துல படிச்சிருக்கேன்!" என்று கத்தினேன். ஒரு புத்தகத்திலும் படித்ததில்லை. பயத்திலும் அந்த வாத்தியார் குரல் மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

அவர் பாசிக் கோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. சொன்னா செரியாத்தான் இருக்கும்," என்று தலைத்துண்டை அவிழ்த்து விரித்தார்.

கீழ்வரிசை முட்டைகள் அத்தனையையும் துண்டில் ஏந்திப் போய், மேட்டில் குழி பறித்து வைத்தோம். அவசரத்தில் இரண்டை நான் உடைத்தேன். அதற்குள் நீர் பாசிக் கோட்டைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

படகருகே போய் உட்கார்ந்தோம். ஆலாக்கள் இறங்கின. மேட்டுப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒவ்வொன்றும் தன் பழைய குழியைத் தேடிப் போயிற்று. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இதோ போகும் என்று சொல்லிச் சொல்லியே உச்சி வெயிலாக்கிவிட்டேன். கடைசியில் ஓடிப்போய் மேட்டில் ஒரு முட்டையை எடுத்தேன். கை சுட்டது. அடுத்ததும் அப்படியே.

கீழே ஒரு ஆலா தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் அவை அப்படித்தான் குளிர வைக்கும். வெறும் குழியில் இறங்கி, இறகைச் சரிசெய்துகொண்டு, பதமாக உட்கார்ந்தது. என்னால் பார்க்க முடியவில்லை.

"நோட்டுல இன்னா எழுதப் போறீங்க சார்?" என்று கேட்டார் அவர்.

'கடல் ஏறி அழிந்தன' என்று எழுதினேன்.

அடுத்த மாதம் மதராஸ்காரர்கள் வந்து அந்த வரியைப் படித்தார்கள். இயற்கையை யார் என்ன செய்ய முடியும் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். மீனவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எங்கே வாயைத் திறந்துவிடுவாரோ என்று, அவர்கள் கிளம்பும்வரை நான் பயந்துகொண்டுதான் இருந்தேன்.