கொழுப்பு தங்காத மனிதர்

திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டர். ஈரலில் எவ்வளவு கொழுப்பு என்று பார்க்க, வெறும் வயிற்றோடு, மூச்சை இழுத்துத் தொந்தியை அடக்கியபடி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் வந்தவர் தோள்துண்டை நாலாக மடித்து, இரும்பு நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். கைகாலில் துளிக் கொழுப்பு இல்லை. நரம்பெல்லாம் கயிறு கயிறாகத் தெரிந்தது. ஜிம்முக்கு மூன்று நாள் போய் நின்றுவிட்டவன் நான். பார்த்ததும் எரிச்சல் வந்தது. எழுந்து நடந்தாலும் துண்டை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து மறுபடி மடித்தார்.

"உங்களுக்கு என்னண்ணே ஸ்கேன்?"

"ஈரல்ல கொழுப்புங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை.

"செல்லுக்குள்ள கொழுப்பப் புடிச்சு வெக்கிற புரதம் ஒண்ணு இருக்குதாமுங்க. எனக்கு அது பொறவியிலயே பழுதுன்னு டாக்டர் சொன்னாருங்க. எங்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல குடோன் பூட்டிக் கெடந்தா தக்காளி லோடு ரோட்டுல நிக்குமில்லீங்களா, அப்படித்தானுங்க. தொடையில, உக்கார்ற எடத்துல தங்க வேண்டியதெல்லாம் ஈரலுக்குப் போயிருதுங்க. துண்டு இல்லீன்னா எலும்பு குத்துதுங்க."

"என்கிட்டருந்து எடுத்துக்கங்கண்ணே, அம்புட்டு கெடக்கு."

அவர் என் வயிற்றைச் சற்று நேரம் கவனமாகப் பார்த்தார்.

"குடுத்தாலும் வெக்க எடமில்லீங்களே."

நான் மூச்சை விட்டேன். தொந்தி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அவர் பார்வையை எடுக்கவில்லை. அதை அப்படி ஏக்கத்தோடு பார்த்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.