மில்லி சார் ஊற்றிய தண்ணீர்

முட்டி போட்டு, கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மனைவிக்குத் தண்ணீர் அளப்பார் மில்லி சார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழியின் அடியைத்தான் பார்க்க வேண்டும் என்று வேதியியல் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவர். ஒரு மில்லிலிட்டர்கூடப் பிசகவிடாதவர் என்று பையன்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. மளிகைக்கடைக்காரரே எண்ணெய் ஊற்றிவிட்டு, "சரியா இருக்கா மில்லி சார்?" என்று சீண்டுவார்.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் நடக்கிறது. நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது என்றார் மருத்துவர். மீதியெல்லாம் சார் போட்ட சட்டம். கஞ்சியும் தண்ணீர்தான், பழமும் தண்ணீர்தான். அந்த அம்மாள் ஐஸ்கட்டியாவது தரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தார்.

"கட்டியானாலும் எடை அதேதாம்மா. நிலைதான் மாறும்."

"என் நிலை எப்ப மாறும்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முகம் துடைக்கக் கொடுத்த ஈரத்துண்டை அவர் வாயில் வைத்து உறிஞ்சியதை ஒருநாள் சார் பார்த்துவிட்டார். வாங்கிக்கொண்டு போய், உறிஞ்சியது எவ்வளவு இருக்கும் என்று தராசில் நிறுத்துப் பார்த்து, கஞ்சியில் அவ்வளவையும் குறைத்தார். அன்று சார் சாப்பிடவே இல்லை.

போன வாரம் மருத்துவர் அவரைத் தனியாக அழைத்தார். இதயம் தாங்காது, இனி டயாலிசிஸ் வேண்டாம், கட்டுப்பாடும் வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்றார். சார் தலையாட்டினார். நன்றி கூடச் சொன்னார். எந்தப் பக்கம் வாசல் என்றுதான் மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் டம்ளர் வழிய வழிய ஊற்றி நீட்டினார். அம்மாள் டம்ளரைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"அளக்கலையா?"

"வேணாம்னுட்டார் டாக்டர்."

அம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டார். மடமடவென்று குடித்தார். பாதியிலேயே புரையேறிவிட்டது.

"போதுங்க. இத்தனூண்டு தாகத்துக்கா உங்களை அந்தப் பாடு படுத்தினேன்?" என்று மூச்சு வாங்கியபடி மிச்சத்தை அவரிடம் நீட்டினார். "நீங்க குடிங்க. என் கண்ணு முன்னாடி நீங்க தண்ணி குடிச்சே ரொம்ப நாளாச்சு."

சார் வாங்கி ஒரு வாய் குடித்தார். கன்னம் உப்ப, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார்.