கூட்டத்தில் நான் சொன்ன பதில்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளான் நகரில் பெண்களுக்கான சலூன் ஒன்று நடத்தினேன். நான் லைசென்ஸ் எடுத்த காலத்தில் யாரும் படிப்பைக் கேட்கவில்லை. மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, தேறியிருக்க வேண்டும் என்ற விதி பிறகுதான் வந்தது. நானோ தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள்.

அந்த விதியைத் தளர்த்தலாமா என்று கேட்க, அதிகாரிகள் ஒருநாள் சலூன்காரர்களைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் தயங்கியபோது நான்தான் எழுந்தேன். படிக்காதவர்கள் கையில் சாயமும் மருந்தும் கொடுப்பது ஆபத்து என்றேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். உண்மையில் நான் பயந்தது லெட்சுமிக்கு. பக்கத்து பிளாட்டில், அந்தப் படிப்பு இல்லாததால் லைசென்ஸ் கிடைக்காமல் வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட நன்றாக வெட்டுவாள். அவள் கடை போட்டால் என் கடைக்கு யார் வருவார்கள்?

மறுவாரம் அவளே ஒரு டப்பா கேசரியோடு வந்தாள்.

"விதியை மாத்தலையாம்க்கா. பரவால்ல லா. மீட்டிங்ல நீங்க எங்களுக்காகப் பேசியிருப்பீங்கன்னு தெரியும். அதான் கொண்டாந்தேன்."

"பேசிப் பார்த்தேன் லெட்சுமி" என்று சொல்லி டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

அவள் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். சில ஆண்டுகள் கழித்து விதி மாறியதும் முதல் ஆளாக ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இனிமே எங்கக்கா, கத்தரி பிடிச்சே ரொம்ப நாளாச்சு" என்று சிரித்தாள்.

கூட்டத்தில் பிழைப்புக்குப் பயந்து பேசியதற்காவது ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். கேசரியை வாங்கிக்கொண்டு அவளிடம் சொன்ன பொய்க்குச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றும் எங்கே பார்த்தாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறாள்.