கேட்காமல் போட்ட ஊசி

அறுபதுகளில் பல்லடத்தில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தேன். ஒரு நாள் காலையில், விசைத்தறியில் கை நசுங்கிய ஒருவரைச் சாமளாபுரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். வலியில் துடித்துக்கொண்டிருந்தார். வலியை அடக்க நான் மார்ஃபின் ஊசியை எடுத்தபோது அவர் மனைவி அருகில் வந்தார்.

"ஏனுங்க டாக்டர், அங்கயே ஒரு ஊசி போட்டுத்தான் அனுப்புனாங்க."

"அது புண்ணு சீழ் வைக்காம இருக்கப் போட்டிருப்பாங்கம்மா. தள்ளி நில்லுங்க" என்றேன். என்ன ஊசி, எப்போது போட்டது என்று விசாரிக்கவில்லை. வெளியே ஏகப்பட்ட கூட்டம். ஊசியைப் போட்டேன்.

சற்று நேரத்தில் அவர் அடங்கித் தூங்கினார். நான் மற்றவர்களைப் பார்க்கப் போனேன். பிறகு அந்த அம்மா வந்து, "குறட்டை நின்னு போச்சுங்க. எழுப்புனா எந்திரிக்க மாட்டீங்கறாருங்க" என்றார்.

ஓடினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினேன். கை ஓயும்வரை நெஞ்சை அழுத்தினேன். மார்ஃபினை முறிக்கும் மருந்து என்னிடம் இல்லை. அவர் பிழைக்கவில்லை.

அவர் சட்டையைக் கழற்றியபோது பையில் ஒரு சீட்டு இருந்தது. நான் ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் அங்கே மார்ஃபின் கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. இரண்டும் சேர்ந்து மூச்சை நிறுத்தியிருந்தன.

அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். "வலியில்லாமப் போனாருங்க. அந்த மட்டுக்கும் உங்க புண்ணியமுங்க."

நான் சீட்டை மடித்து வைத்துக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

அதன்பின் முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்காமல் ஊசியைத் தொட்டதில்லை. போட்டபின் மூச்சை எண்ணாமல் நகர்ந்ததுமில்லை. கவனமான டாக்டர் என்று பெயர் வந்தது. எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.