வலப்பக்கம் ஒடிக்கையில்

ராசிபலன் பக்கத்தைக்கூடப் புரட்டிவிட்டுப் போகிறவன் நான். பேய்க்கதைகள் நிறையப் படித்திருக்கிறேன், ஒன்றையும் நம்பியதில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

ஆடி கடைசி வெள்ளி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நாள் கிழமை எனக்குத் தவறாது. குன்றாண்டார்கோவிலில் என் தங்கை கலா வீட்டுக் கொட்டகையில் நின்ற பழைய காண்டசா காருக்கு அன்றுதான் பவர் ஸ்டியரிங் எண்ணெய் ஓடும் ரப்பர் ஹோஸ் மாற்றினோம். அவள் கணவர் சேகர் சவுதியில் வண்டி ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய கார். அங்கேயே ஒருநாள் தூக்கத்தில் போய்விட்டார். அதன்பின் கார் வெளியே வரவில்லை. ஆவணியில் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். பெண் அப்பா காரில்தான் மண்டபத்துக்குப் போகவேண்டும் என்று கலா ஒரே பிடியாக நின்றாள். ஓட்டப்போவது நான்.

ஆவூர் மெக்கானிக் ஆரோக்கியம் வெடித்துப்போயிருந்த ஹோஸ்களைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டினார். அடுத்து, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எண்ணெய் ஊற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அவர் எண்ணெயில் குமிழி வருகிறதா என்று பார்க்க, நான் சீட்டில் உட்கார்ந்தேன். மழை மூட்டம். கொட்டகைக்குள் அந்திபோல் இருட்டு.

"லெஃப்ட்ல ஒடிங்க சார்."

தங்குதடையில்லாமல் போயிற்று.

"இப்ப ரைட்ல."

முக்கால்வாசியில் நின்றுவிட்டது. எதிலோ இடித்து நின்றது போல இல்லை, பக்கத்துச் சீட்டிலிருந்து யாரோ கை வைத்துப் பிடித்தது போல, நான் அழுத்த அழுத்த அதுவும் எதிர்த்து அழுத்தியது.

"பேங்க்ல பேனா புடிச்ச கையில்ல! அங்கிட்டு நகருங்க, நான் பாக்குறேன்."

ஆரோக்கியம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இறங்கி, டார்ச் அடித்துச் சக்கரத்தின் உட்பக்கம் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார்.

"மாதாவே! சக்கரம் நேரா நிக்கையில ஹோஸப் பூட்டிட்டேன் சார். இன்னும் கொஞ்சம் ஒடிச்சிருந்தா டயரு ஒரசும். கவனிக்காம விட்டா ஒரசி ஒரசி ஓட்டத்துல பிஞ்சுரும். எண்ணெ சூடான சைலன்சர் கொழாய்ல பட்டா தீதான்."

பவித்ரா பட்டுப்புடவையில் பின்சீட்டில் இருப்பது என் கண்முன் வந்தது.

ஹோஸை மேலே ஏற்றிக் கட்டியதும் ஸ்டியரிங் முழுசாகத் திரும்பியது. ஆனால் டயர் ஹோஸைத் தொடக்கூட இல்லையே, முதலில் ஸ்டியரிங்கைத் தடுத்தது எது? நம்பினால் நம்புங்கள், இருவரும் தரையில் படுத்துத் தேடினோம். ஒன்றுமில்லை.

டீ கொண்டுவந்த கலாவிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் தம்ளர்களை பானட்டின் மேல் வைத்துவிட்டாள்.

"எனக்குக் கார் பழக்குறப்ப அவுக அப்புடித்தாண்ணே. ரைட்ல ஒடிக்கையில கைய வச்சு நிப்பாட்டிருவாக. 'எதுக்க வண்டி வருதா, பாத்தியாடி, பாத்தியா'ம்பாக. பாத்துட்டேன்னு சொன்னாத்தான் விடுவாக."

ஆரோக்கியம் டீயைக் குடிக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெண்ணை மண்டபத்தில் இறக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டேன். ஆனால் வலப்பக்கம் ஒடிக்கும்போது அந்த இடத்தில் ஸ்டியரிங் அதன்பிறகும் ஒரு கணம் நின்றது. இடப்பக்கம் அப்படியில்லை. ஆரோக்கியம் ஸ்டியரிங் பெட்டியையே பிரித்துப் பார்த்துவிட்டார், பழுது எதுவும் இல்லை.

பவித்ரா புகுந்த வீட்டுக்குப் போனபின் கலாவுக்கு வீட்டில் துணையில்லை. நான் போகும்போதெல்லாம் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள்.

"ரைட்ல ஒடிங்கண்ணே."

ஸ்டியரிங் நிற்கும். அவள் அதன்மேல் கையை வைப்பாள். "பாத்துட்டேன்" என்று மட்டும் சொல்லமாட்டாள். அதுவாக விடும்வரை இருவரும் உட்கார்ந்திருப்போம்.

முன்பு ஒரு கணம்தான். இப்போதெல்லாம் அது விட வெகுநேரம் ஆகிறது.