தாஸின் காரும் குளிர்காற்றும்

மூத்தவன் போன கிழமை ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து கராஜில் வைத்துப் பிரித்தான். உள்ளே வளைந்த கறுப்புக் குழாய் ஒன்றும், சிவப்புத் துணியை மடித்துச் செய்த கூம்பு போல ஒரு வடிகட்டியும் இருந்தன. புது ரப்பரும் எண்ணெயும் கலந்த மணம் கராஜ் முழுக்கப் பரவியது.

"அப்பா, இது கோல்ட் எயர் இன்ரேக், எஞ்சினுக்குக் குளிர்காத்து எடுத்துக் குடுக்கிறது. என்ரை காருக்கு இருபது ஹோர்ஸ்பவர் கூடும் எண்டு போட்டிருக்கு."

"இருபது குதிரையையும் எங்கையடா கட்டப் போறாய்?"

அவன் சிரிக்கவில்லை. "சீரியஸ்லி அப்பா, இது வேர்க் பண்ணுமோ? நீங்கள் அந்தக் காலத்திலை மசில் கார் ஓடினனீங்கள்தானே?"

ஓடியவன் நான் அல்ல, பக்கத்து சீற்றில் இருந்தவன். ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த ரப்பர் மணம் மட்டும் என்னோடு குசினி வரைக்கும் வந்தது. அவனுக்கு அன்று சொல்லாத பதிலை, பிள்ளைகளே, உங்கள் மூன்று பேருக்குமாக இப்போது எழுதுகிறேன். ஓ.எல். சோதனை தாண்டாதவன் எழுதும் விஞ்ஞானம். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

எஞ்சின் என்பது மூச்சு விடும் சாமான். குளிர்ந்த காற்று நெருக்கமானது, சூடான காற்று ஐதானது. நெருக்கமான காற்று உள்ளே போனால் பெற்றோல் நன்றாக எரியும், வலுக் கூடும். பள்ளிக்கூடத்தில் இந்த ஹோர்ஸ்பவரைப் 'பரிவலு' என்று படித்தோம், பரி என்றால் குதிரை. வாத்தியார் கரும்பலகையில் குதிரை ஒன்று கீறினார், அது ஆடு மாதிரி இருந்தது. ஆகவே குழாய்க்காரர் சொல்வது முழுப் பொய் அல்ல. பெரிய எஞ்சினை நல்ல வெய்யிலில் அடிவரை மிதித்தால் கொஞ்சம் கூடும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு வரும் என்று நான் நம்ப மாட்டேன். மிச்சமெல்லாம் சத்தம்.

இதை எனக்குப் பழக்கியது மரியதாஸ். மன்னார்க்காரன். எண்பத்தைந்தில், கனடாவுக்கு வந்த புதிதில், ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்றில் ஆறு பேர் இருந்தோம். அதில் கலியாணம் கட்டியவன் அவன் ஒருவன்தான். கட்டி நாலு மாதத்தில் மனைவி ஜெசிந்தாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தான். வந்த வருஷமே ஒரு பழைய எட்டு சிலிண்டர் கார் வாங்கினான். கடும் நீலம், நீண்ட மூக்கு, இரண்டே கதவு. நாங்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு நின்று விறைத்த காலம். "உவன் மனிசியைக் கூப்பிட முதல் காரைக் கூப்பிட்டிட்டான்" என்று பகிடி பண்ணுவோம். அவன் கோபிக்க மாட்டான். "அவ வந்து எயார்போட்டிலை இறங்கேக்கை பஸ்ஸிலையோடா கூட்டிக்கொண்டு வாறது?" என்பான். கடிதம் எழுதும்போதெல்லாம் காரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவான்.

அஜின்கோர்ட்டில் ஒரு சாமான் கடையில், உடுப்புக் காயவைக்கும் மெசினுக்குப் பின்னால் பூட்டும் வெள்ளி நிறக் குழாய் ஒன்று வாங்கினான். கார் மூக்கிலிருந்து வெளிக்காற்றை நேரே எஞ்சினுக்குள் எடுக்க அதைப் பூட்டினான். பூட்டும்போது, எஞ்சினின் சூடான பக்கத்திலிருந்து காற்று வடிகட்டிக்குப் போன சின்னத் தகரக் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான்.

"இஞ்சை பார், சூட்டுக் காத்தைக் கொண்டுபோய் ஊட்டுறாங்கள். மடையன்கள்."

நானும் ஓம் என்றேன். வெய்யிலில் வளர்ந்தவர்கள் நாங்கள். இயந்திரத்துக்குச் சூடு என்றால் எதிரி, வேறு என்ன? தகரக் குழாய் குப்பைக்குப் போனது.

கோடையில் ஒரு நாள் வடக்கே, யூனியன்வில் பக்கம், இரண்டு பக்கமும் வயலாக இருந்த ஒரு தெருவில் பரீட்சித்தோம். இன்று அந்த வயல்களில் வீடுகள்தான் முளைத்திருக்கின்றன. அவன் மிதித்தான். கார் சிங்கம் மாதிரி உறுமியது.

"முதுகு சீற்றிலை ஒட்டுதோடா?"

"ஒட்டுது. வேர்வையிலை ஒட்டுது."

"போடா விசரா. உனக்கு ரசனை இல்லை."

அன்று அவன் சிரித்த சிரிப்பை உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அப்போதெல்லாம் எங்களுக்கு நிலையான விலாசம் கிடையாது. வீடு மாற போன் நம்பரும் மாறும். ஆகவே ஊருக்குக் கொடுப்பது, முதலே வந்து நிலைத்துவிட்ட யாராவது ஒருவருடைய நம்பரைத்தான். எங்கள் எல்லோருக்கும் அது மிசிசாகாவில் இருந்த மணி அக்காவின் வீட்டு நம்பர். செத்தவீடு, பிறந்த பிள்ளை என்று எல்லாச் செய்தியும் அந்த வீட்டுக்கு வந்துதான் எங்களிடம் வரும்.

மார்கழி தொடங்குமுன் ஜெசிந்தா கொழும்புக்கு வந்திருப்பதாகவும், ஞாயிறு காலை எங்கள் நேரம் எட்டு மணிக்கு மணி அக்கா வீட்டுக்கு போன் எடுப்பா என்றும் ஓராள் மூலம் சொல்லி வந்தது. கனடாவுக்கு வந்த பிறகு அவன் மனைவியின் குரலைக் கேட்டதே இல்லை. சனி இரவு வேலை முடிந்து, அப்படியே முகம் கழுவி, சேட் மாற்றிக்கொண்டு வந்தான். போன் பேச எதற்கு இஸ்திரி போட்ட சேட் என்று நான் கேட்கவில்லை.

நேரத்தோடுதான் வெளிக்கிட்டோம். மழையுமில்லாத பனியுமில்லாத ஒரு ஈரக் காலை. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரம் ஓட, எஞ்சின் இருமியது. பிறகு நின்றது. ஓரம் கட்டி மூடியைத் திறந்தால் எல்லாம் சரி. சற்றுப் பொறுத்துத் திறப்பைத் திருப்ப, ஒன்றும் நடவாதது போல உறுமியது.

"பார்த்தியே, ஒண்டுமில்லை" என்றான் தாஸ்.

கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் நின்றது. திரும்பவும் பொறுத்தோம், திரும்பவும் கிளம்பியது. அடியோடு பழுதாகியிருந்தால் இறங்கி யாரையாவது மறித்திருப்போம். ஒவ்வொரு முறையும் அது கிளம்பி எங்களை நம்ப வைத்தது. "என்ரை ராசா, இண்டைக்கு மட்டும் ஓடு. நாளைக்கு நீ செத்தாலும் காரியமில்லை" என்று ஸ்டியறிங்கைத் தடவிச் சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு மணிக்கூட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்துக் கார்களில் ஈரமும் குளிருமான காற்று நேரே போனால், காற்றும் பெற்றோலும் கலக்கும் காபரேற்றருக்குள் ஐஸ் கட்டி மூச்சை அடைத்துவிடும். நின்றால், எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தகரக் குழாய். மகனே, உன்னுடைய புதுக் காருக்கு அந்தப் பயம் இல்லை. தாராளமாகப் பூட்டு.

நாங்கள் போய்ச் சேர, மணி அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றா. "தாஸ், இப்பதான் கட் ஆச்சுது" என்றா. அந்த வீட்டில் சப்பாத்தோடு யாரும் உள்ளே போனதில்லை. அவன் சேற்றுச் சப்பாத்தோடு காப்பெற்றில் நடந்துபோய் போனைத் தூக்கிக் காதில் வைத்தான். 'ஊ' என்ற சத்தம் எனக்கே கேட்டது. அக்கா காப்பெற்றைப் பார்க்கவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னா. "மூண்டு நிமிஷத்துக்குத்தான் காசு கட்டினவவாம். சுகமா இருக்கிறாரோ எண்டு கேட்டவ. வந்துகொண்டிருக்கிறார், சொட்டு நேரம் நில்லுங்கோ எண்டன். காரிலையோ வாறார் எண்டா. ஓம் எண்டன். சிரிச்சுப்போட்டு, அப்ப கெதியா வந்திடுவார் எண்டா."

ஜெசிந்தா அடுத்த நாள் மன்னாருக்குப் பஸ் ஏறினா. யுத்த காலம், அந்த பஸ் ஊர் போய்ச் சேரவில்லை. அந்தச் செய்தியும் மணி அக்கா வீட்டுக்குத்தான் வந்தது.

தாஸ் வேறு கலியாணம் கட்டவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி மிசிசாகாவுக்குப் போவான். தேத்தண்ணி குடித்து முடியும் மட்டும் ஊர்க்கதை. எழும்பும்போது மட்டும், "அக்கா, அவ அண்டைக்கு எப்பிடிச் சொன்னவ?" என்பான். மணி அக்கா மறுத்ததே இல்லை. ஜெசிந்தாவை அவ கண்டதில்லை. ஆனாலும் அந்தச் சின்னச் சிரிப்பை முதலில் சிரித்து, 'கெதியா' என்பதை அந்தப் பிள்ளை இழுத்தது மாதிரியே இழுத்துச் சொல்லுவா. தாஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். வருஷங்கள் போகப் போகவும் அக்காவின் சிரிப்பில் வயது ஏறவில்லை.

மணி அக்கா இந்தத் தையில் காலமாகிவிட்டா. செத்தவீட்டில் தாஸ் என் பக்கத்தில் இருந்தான். "நீயும் கனதரம் கேட்டனிதானே, ஒருக்காச் சொல்லிக் காட்டடா" என்று காதுக்குள் கேட்டான். நான் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது வெறும் சொல்லாக இருந்தது. அவன் என் கையைத் தட்டி, "பரவாயில்லை, விடு" என்றான்.